ராமேஸ்வரம் தீவுக்கு எந்த மாதம் போகலாம்? முதல்முறை போகிறவர்களுக்குக் காற்றை வைத்து ஒரு கணக்கு

"டிசம்பர் லீவுல ராமேஸ்வரம் போகலாமா?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். கோயிலில் தீர்த்தமாடிவிட்டு மறுநாள் காலையே கிளம்புகிறவருக்கு ஒரு பதில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் கடலோரமாகத் தங்கப் போகிறவருக்கு வேறு பதில், பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க கேமராவோடு போகிறவருக்கு இன்னொன்று. எல்லோருக்கும் சேர்த்து "அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல சீசன்" என்று எங்கு பார்த்தாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆறு மாதத்துக்குள்தான் வருஷத்தின் பெருமழை அத்தனையும் கொட்டுகிறது, புயல் வந்தாலும் அதற்குள்தான் வருகிறது. அதை நம்பி நவம்பர் நடுவில் டிக்கெட் போட்டுவிட்டு, லாட்ஜ் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மேப்பைத் திறங்கள்

போனில் தீவை ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். மேற்கே பாம்பன், கிழக்கே ராமேஸ்வரம் ஊர், அங்கிருந்து தென்கிழக்காக விரல் நீட்டினதுபோல் ஒல்லியாகத் தனுஷ்கோடி, அந்த விரலின் நுனி அரிச்சல்முனை. தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கடலுக்குப் போகிறவர்கள் வடகடல், தென்கடல் என்று சொல்வார்கள். தனுஷ்கோடிக்கு உங்களைக் கூட்டிப் போகிற ஆட்டோக்காரர் பெண்கடல், ஆண்கடல் என்று காட்டுவார். அலையில்லாமல் கிடக்கிற வடக்குப் பக்கம் பெண்கடலாம், அலையடிக்கிற தெற்குப் பக்கம் ஆண்கடலாம். இந்தப் பெயரை நம்பி வருஷம் முழுக்க வடக்கே அமைதி, தெற்கே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. பாதி வருஷம் அது அப்படியே மாறிப்போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பாம்பன் பாலத்தில்தான் பார்த்தேன். ஒரு ஜூலை மாதம் மண்டபத்திலிருந்து பஸ்ஸில் பாலமேறினேன். வலது பக்க ஜன்னலில் கடல் முழுக்க வெள்ளை நுரை, காற்று முகத்தில் அறைகிறது. இடது பக்கம் எட்டிப் பார்த்தால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கிறது, நங்கூரம் போட்ட வல்லங்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பாலம்தான், அங்கே ஒரு கடல், இங்கே ஒரு கடல். அப்புறம் ஒரு டிசம்பரில் அதே பாலத்தில் போனபோது நுரை இடது பக்கம் இருந்தது, வலது பக்கம் கடல் சும்மா கிடந்தது. பாம்பனில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். "தம்பி, காத்து தெக்க இருந்து அடிச்சா வடக்க குளிங்க, வடக்க இருந்து அடிச்சா தெக்க குளிங்க, அவ்வளவுதான்" என்றார். இந்தத் தீவுக்கு நாள் குறிக்க அவர் சொன்ன அந்தக் கணக்கைத்தான் நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

சரி, எந்தக் காற்று எப்போது? ஐப்பசியில் ஆரம்பித்து தை வரைக்கும் வாடை, அதாவது வடகிழக்கிலிருந்து அடிப்பது. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். வைகாசி முதல் ஆவணி வரைக்கும் கச்சானும் சோழகமும், மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருபவை. அப்போது தென்கடல் எழும்பும், வடகடல் படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், மாசி பாதியிலிருந்து சித்திரை வரைக்கும், காற்று மாறுகிற நேரத்தில் இரண்டு பக்கமுமே எண்ணெய் ஊற்றினது மாதிரி இருக்கிற நாட்கள் வரும். புரட்டாசிக் கடைசியிலும் இப்படிச் சில நாட்கள் கிடைக்கும், ஆனால் குறைவு, அதை நம்பி டிக்கெட் போட முடியாது.

அதனால் ரூம் போடுவதற்கு முன்னால், நீங்கள் போகும் மாதத்தில் எந்தப் பக்கம் அமைதியாக இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலையில் பிள்ளைகளோடு போய்த் தண்ணீரில் விளையாட வேண்டுமென்றால் வடக்குக் கரைதான். தீவுக்குள் நுழைவதற்கு முன்பே, உச்சிப்புளிப் பக்கம் இருக்கிற அரியமான் கடற்கரையும் பாக் நீரிணைதான். சவுக்குத்தோப்பு நிழல், காலடியில் ஆழமில்லாத தண்ணீர். அதே அரியமானில் டிசம்பர் வாடையில் நின்றால் கலங்கிய தண்ணீரும் கரையொதுங்கிய கடற்பாசியும்தான் பார்க்கக் கிடைக்கும்.

மழைக்கு வருவோம்

ஜூன் மாதம் டிவியில் "தென்மேற்குப் பருவமழை தொடங்கியது" என்று சொன்னதும் சிலர் ராமேஸ்வரம் டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. அந்த மழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே பிடித்துக்கொள்கிறது. ராமநாதபுரம் கரைக்கு வந்து சேர்வது காற்று மட்டும்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை எப்போதாவது சாயங்காலம் ஒரு தூறல், இடியோடு ஒரு மழை, அவ்வளவே.

இந்த மாவட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை. இதில் கவனிக்க வேண்டியது, இது தினமும் நசநசவென்று பெய்கிற மழை இல்லை. ஒரு வாரம் நீலவானமாக இருக்கும், அப்புறம் வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி இரண்டு நாளில் ஒரு சீசன் மழையைக் கொட்டிவிட்டுப் போகும். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் சில மணி நேரத்துக்குள் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, தெருவெல்லாம் வெள்ளம். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் பாம்பன் பக்கம் வரும் என்று தீவே காத்திருந்தது. அது கரைக்குப் பக்கத்தில் வலுவிழந்து அப்படியே நின்றுகொண்டு நாள்கணக்கில் மழையைக் கொடுத்தது. தனுஷ்கோடியை அழித்த புயலும் டிசம்பரில்தான் வந்தது, 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் அதில் இருந்தவர்களோடு போய்விட்டது. இன்றைக்கு நீங்கள் போட்டோ எடுக்கிற இடிந்த தேவாலயமும், ரயில்வே ஸ்டேஷனின் மிச்சச் சுவரும் அந்த இரவு விட்டுப்போனவை. அங்கே நிற்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுவரை போவதாக இருந்தால், கேன்சல் செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற ரூமாகப் போடுங்கள். திரும்பி வந்த மறுநாளே ஆபீஸ் இருக்கிறது என்றால் அந்தப் பயணத்தை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் காற்று பலமாக இருந்தால் பாம்பன் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள், மண்டபத்திலேயோ ராமநாதபுரத்திலேயோ நிறுத்திவைத்துவிடுவார்கள். ஒரு நாள் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒன்று சொல்ல வேண்டும்: மழை விட்ட மறுநாள் காலையில் ராமேஸ்வரம் அவ்வளவு அழகு. மணல் அடங்கி, வானம் கழுவிவிட்டதுபோல், தனுஷ்கோடி ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கி நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம், திட்டம் போட்டுப் பார்க்க முடியாது.

மாதம் மாதமாக என் கணக்கு

ஜனவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் பாதி வரைக்கும்தான் முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது. மழை போயிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, ராத்திரி ஃபேன் போதும். வாடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கும். பூநாரைகள் இருக்கும். கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்புகிற இடத்தைச் சுற்றிலும் முழங்கால் அளவுத் தண்ணீர் பரந்து கிடக்கிறது பாருங்கள், அங்கே வண்டியை நிறுத்திச் சத்தமில்லாமல் இறங்குங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக்கோடு மாதிரி தெரியும். பைனாகுலர் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் தலையைக் கீழே விட்டு, அலகைத் தலைகீழாகப் பிடித்து, காலால் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டே ஒரே இடத்தில் வட்டம் போடும். ஒன்று பறந்தால் எல்லாம் எழும்பும், அப்போதுதான் இறக்கைக்கு உள்ளே இருக்கிற ரோஜா நிறமும் கறுப்பும் தெரியும். அதற்காகக் கைதட்டி எழுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. அவ்வளவு தூரம் பறந்து வந்தவை அங்கே தின்னத்தான் வந்திருக்கின்றன. 2025இல் தமிழக அரசு தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்றே சரணாலயம் அறிவித்திருக்கிறது. மழை நன்றாகப் பெய்த வருஷம் பறவையும் நிறைய இருக்கும், மழை பொய்த்த வருஷம் அந்த நீர் சீக்கிரம் வற்றிவிடும்.

இதே மாதங்களில் தனுஷ்கோடிக் கரையில் கடல் ஆமைகள் முட்டையிட வருகின்றன. வனத்துறை முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. பிப்ரவரி, மார்ச்சில் அங்கே இருந்தால் வனத்துறை ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்கள்.

மார்ச் பாதிக்கு மேல் ஏப்ரல் வரை கடல் இன்னும் தெளிவாக இருக்கும். பாம்பனுக்குத் தெற்கே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அதுவும் ஒன்று. பவளப்பாறை பார்க்க வேண்டுமென்று நினைத்தால் கடல் கலங்காத இந்த நாட்கள்தான். தென்கடலில் காற்று ஏறிவிட்டால் படகு ஓடாது, அதனால் ஜூலையில் குருசடை பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். படகு கிடைக்காவிட்டாலும் குந்துகாலுக்குப் போங்கள், 1897 ஜனவரி 26ஆம் தேதி விவேகானந்தர் இலங்கையிலிருந்து திரும்பி வந்து இறங்கியதன் நினைவாக அங்கே மண்டபம் இருக்கிறது. சாயங்காலம் உட்காரக் கடலைப் பார்த்த நல்ல இடம்.

மே மாதம். பள்ளிக்கூட லீவு என்பதால் எல்லோரும் வருகிறார்கள், வேறு வழியில்லை என்றால் வாருங்கள். மதுரை மாதிரி 40 டிகிரி இங்கே அடிக்காது, ஆனால் புழுக்கம் ஆளை உருக்கிவிடும், வெள்ளை மணலில் வெயில் கீழிருந்தும் மேலிருந்தும் அடிக்கும். தனுஷ்கோடியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காலை 9 மணிக்குள் அங்கிருந்து திரும்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் சொறியும் மிதக்கும், ஜெல்லி மீனைத்தான் இங்கே சொறி என்கிறார்கள். கரையில் ஒதுங்கிக் கிடப்பதைக்கூட பிள்ளைகள் தொட விடாதீர்கள், எரியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று. அரிச்சல்முனையில் நின்றால் மணல் காலில் ஊசி மாதிரி குத்தும், கண்ணைத் திறக்க முடியாது, தென்கடல் அலை கல்லில் மோதி ரோட்டுக்கே வரும். சில நாள் ரோட்டில் மணல் மூடிவிட்டால் அதை அள்ளுகிற வரைக்கும் வண்டியை நிறுத்திவைப்பார்கள். அமைதியாக உட்கார்ந்து சூரியோதயம் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இந்த மாதங்கள் ஏமாற்றம்தான். ஆனால் பட்டம் கட்டிக்கொண்டு பலகையில் கடல்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் என்ற விளையாட்டுக்கு வெளிநாட்டிலிருந்துகூட ஆட்கள் வருவது இந்தக் காற்றுக்காகத்தான். வாடைக் காலத்திலும் அதற்கு ஒரு சீசன் உண்டு. புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் காற்றைக் குறை சொல்கிற இந்த மாதங்களே உங்களுக்கு ஏற்றவை. எனக்கும் தனிப்பட்ட முறையில் ஆகஸ்ட் கடைசி பிடிக்கும். மழை இல்லை, வடகடல் அமைதி, கடல் இரைச்சலும் காற்றும் மட்டும்.

நாள்காட்டியில் அமாவாசையைப் பாருங்கள்

பருவத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு இதில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். ராமேஸ்வரம் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் கொடுக்கிற ஊர். ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை, தை அமாவாசை, இந்த மூன்று நாளும் அதற்கு முந்தின நாளும் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. தர்ப்பணம் கொடுக்கவே போகிறீர்கள் என்றால் அந்தக் கூட்டமும் அதில் ஒரு பகுதி, சந்தோஷமாகப் போய்வாருங்கள். ஊர் சுற்றப் போகிறவர் அந்த வாரத்தையே தள்ளிவிடுங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு ஆடி மாதத்தில். அம்மாவையும் கூட்டிக்கொண்டு, நாள்காட்டியைப் பார்க்காமல், வெள்ளி சனி லீவு என்பதை மட்டும் பார்த்துக் கிளம்பினேன். போனில் ரூம் சொல்லி வைத்திருந்த லாட்ஜில் போய் இறங்கினால், முன்பணம் கட்டவில்லை என்று சொல்லி ரூமை வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஊர் முழுக்க அலைந்தும் இடம் இல்லை, மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்துக்கொள்ளச் சொன்ன ஓர் இடத்தில் வழக்கமான ரூம் வாடகையைப்போல் இரண்டு மடங்கு கேட்டார்கள். அம்மாவுக்கு அப்போதே முட்டிவலி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சத்திரத்துத் திண்ணையில் விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து நான் முதலில் திறப்பது தினசரிக் காலண்டரைத்தான்.

அமாவாசை தவிர, மாசி மகா சிவராத்திரியை ஒட்டிய திருவிழா நாட்கள், ஆடித் திருக்கல்யாணம், ஜூலை 27 அப்துல் கலாம் நினைவு நாள் (பேக்கரும்பில் உள்ள நினைவிடத்தில் அன்றைக்குக் கூட்டம் இருக்கும்), இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து பொங்கல் வரைக்கும் சபரிமலை போகிற ஐயப்ப பக்தர்கள் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் வேன் வேனாக வருவார்கள், அதிகாலைத் தீர்த்த வரிசை நீளமாக இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா வரும் இரண்டு நாளில் இங்கிருந்து படகுகள் அங்கே போகும். அதற்கு முன்கூட்டியே பெயர் பதிந்திருக்க வேண்டும், நினைத்த உடனே ஏறிப்போக முடியாது.

வார நாளில் போக முடிந்தால் எந்த மாதத்திலும் பாதிப் பிரச்சினை தீரும். செவ்வாய் போய் வியாழன் திரும்புவது நல்ல கணக்கு.

மீன் சாப்பிட என்று போகிறவர்களுக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக நிறுத்திவைக்கிற நாட்கள். நாட்டுப்படகுகள் போகும், அதனால் மீனே இல்லாமல் போகாது, கொஞ்சம்தான் வரும், விலை ஏறியிருக்கும். அந்த நேரத்தில் ஹோட்டலில் பெரிய மீன் வறுவல் தட்டில் வந்தால் எங்கே பிடித்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஐஸில் வந்ததாக இருக்கும். தடை முடிந்து படகுகள் கரைக்குத் திரும்பும் ஜூன் மூன்றாவது வாரத்தில் துறைமுகமே திருவிழா மாதிரி இருக்கும்.

மற்ற மாதங்களிலும் ராமேஸ்வரத்து விசைப்படகுகள் வாரம் முழுக்கக் கடலுக்குப் போவதில்லை, விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்று முறை வைத்திருக்கிறார்கள். எல்லைப் பிரச்சினையில் மீனவர்கள் கைதானால் வேலைநிறுத்தமும் நடக்கும், அப்போது அவர்கள் வீட்டு அடுப்பே எரியாது என்பதையும் நினைத்துப் பார்த்து, மீன் இல்லை என்று குறைப்படாமல் கிடைத்ததைச் சாப்பிட்டு வாருங்கள்.

விடியற்காலை பாம்பனில் நாட்டுப்படகுகள் வந்து சேரும் நேரத்தில் ஒரு தடவையாவது போய் நில்லுங்கள். நண்டுவலையைக் கரையில் இழுத்துப்போட்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்து நண்டு கழற்றுவார்கள். நீலக்காலைப் பின்பக்கமாக மடக்கி, கட்டைவிரலால் ஓட்டை அழுத்திப் பிடித்து, வலையின் நரம்பு அறாமல், நண்டின் கால் ஒடியாமல் ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கிறார்கள். கால் ஒடிந்தால் விலை போய்விடும். அங்கேயே வாங்கி, தங்கியிருக்கிற இடத்தில் சமைத்துக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். காரல் கிடைத்தால் விடாதீர்கள், அந்தச் சொதிக்கு வேறு மீன் ஈடாகாது.

டிக்கெட்டும் அதற்கு முந்தின வாரமும்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்ததிலிருந்து மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் ரயில் போகிறது. அதற்கு முன்னால் இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டபத்தோடு நின்றது. சென்னையிலிருந்து ராத்திரி வண்டி கிடைக்காவிட்டால் மதுரை வந்து அங்கிருந்து பஸ் பிடியுங்கள், ஏறக்குறைய 170 கிலோமீட்டர். பாலத்தைப் பகலில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் மதுரை வழியைத் தேர்ந்தெடுப்பதுண்டு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு விஷயம் பாருங்கள். சென்னை வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கை ஒன்று. மன்னார் வளைகுடாவில் காற்று 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் என்று போட்டிருந்தால் தனுஷ்கோடி அன்றைக்குச் சந்தேகம். இன்னொன்று, ஐதராபாத்தில் இருக்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) கொடுக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை. வெயில் அடிக்கும், காற்றே இருக்காது, ஆனால் தெற்கே வெகுதூரம் நடுக்கடலில் கிளம்பிய அலை சத்தமில்லாமல் வந்து கரையேறும், பேரே கள்ளக்கடல். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அந்த மாதிரி நாளில்தான் கடல் கொண்டுபோனது. ஏப்ரல், மே மாதங்களில் இந்த எச்சரிக்கை வந்தால் தெற்குப் பக்கம் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். அரிச்சல்முனையில் எந்த மாதத்திலும் குளிக்கக் கூடாது, இரண்டு கடலின் இழுப்பும் அங்கே சேர்கிறது. போலீஸ் தடுப்பது காரணமில்லாமல் இல்லை.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்தால் எண்ணைப் பாருங்கள். 1, 2 என்றால் தூரக்கடலில் நடப்பது. 3 ஏறினால் அந்தத் துறைமுகப் பக்கமே பலத்த காற்று வரலாம் என்று அர்த்தம், பயணத்தைத் தள்ளி வைப்பது நல்லது. 5க்கு மேல் போனால் தீவுக்குள் இருப்பவர்களே பத்திரமான இடம் பார்ப்பார்கள், நீங்கள் வரவே வேண்டாம். இன்னொரு செய்தியும் அடிக்கடி வரும்: "ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது". அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் காற்று மாறும்போதும் ஆழமில்லாத வடகடலில் இது வழக்கமாக நடப்பது, சில மணி நேரத்தில் திரும்பிவிடும். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கப் போவதே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய அந்த வத்தின நாட்களைப் பார்த்துத்தான்.

போய் இறங்கின பிறகு

எந்தப் பருவமானாலும் தனுஷ்கோடிக்குக் காலை நேரம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு அரசு பஸ் போகிறது, ஏறக்குறைய 20 கிலோமீட்டர், தனி வண்டி வைக்க வேண்டியதில்லை. சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், அங்கே தங்க இடமும் கிடையாது. போன் திடீரென்று "இலங்கைக்கு வரவேற்கிறோம்" என்று மெசேஜ் காட்டினால் ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

கோயிலில் 22 தீர்த்தமும் ஆடினால் மூலவர் சன்னதிக்குப் போவதற்கு முன் ஈரத்துணி மாற்ற வேண்டும், மாற்றுத்துணி கையிலேயே இருக்கட்டும். வாடைக் காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு ஈரத்தோடு பிராகாரத்துக் கல்லில் நிற்பது வயதானவர்களுக்குக் கஷ்டம். அவர்களை வெயில் வந்த பிறகு கூட்டிப் போங்கள்.

தனுஷ்கோடியில் கடைபோட்டிருக்கிற அக்காமார் குடிசைக்குப் பின்னால் மணலைத் தோண்டி வைத்திருக்கிற ஊற்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஐம்பதடி தள்ளி உப்புக்கடல், இங்கே இடுப்பளவுக் குழிக்குள் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உப்புக் கரிக்காது. அந்தக் குழிக்குள் நிற்கிறது போன வாடை மழை. நான் போன பிப்ரவரியில் தண்ணீர் கைக்கு எட்டுகிற ஆழத்தில் இருந்தது. "சித்திரைக்கு மேல இன்னும் தோண்டணும் தம்பி, ஒரு குடத்துக்கு அரை மணி நேரம் உக்காரணும்" என்று அந்த அக்கா சொன்னார். மே மாதம் போகிறவர்கள் தண்ணீர் கேனை ராமேஸ்வரத்திலேயே வாங்கிக் கொண்டுபோங்கள், அவர்களுடைய ஊற்றுத் தண்ணீரில் கைகால் கழுவாதீர்கள்.